எந்த பேக்கேஜ் மேனேஜர் உங்களுக்கு? நிறுவும் முன் புதுப்பிப்பை யோசியுங்கள்

உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட கணினியில் விஎல்சி வீடியோ பிளேயர் வேண்டும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஏபிடி-யில் போடு என்பார், இன்னொருவர் ஸ்னாப் என்பார், மூன்றாமவர் ஃபிளாட்பேக்தான் நல்லது என்பார். மூன்றுமே பேக்கேஜ் மேனேஜர்கள், அதாவது மென்பொருளை நிறுவி, புதுப்பித்து, நீக்கும் கருவிகள். மூன்றுமே வேலை செய்யும். மூன்றையும் முயன்று பார்த்துவிட்டு மறந்துபோனால் ஒரே கணினியில் மூன்று விஎல்சி இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பதிப்பில், மெனுவில் எது எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல். கட்டற்ற மென்பொருளுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே இப்படிச் சிக்கிக்கொண்டு, போதும் என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்கு அது வருத்தமான விஷயம், ஏனென்றால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து புரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்று நான் போடும் இந்த மென்பொருளில் அடுத்த வருடம் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், அதை அடைத்து என் கணினிக்குக் கொண்டுவந்து சேர்க்கப்போவது யார்? இதற்குப் பதில் தெரிந்தால் எந்த வழியில் போடுவது என்பதும் தெரிந்துவிடும். நிறுவுவது ஐந்து நிமிடம், புதுப்பிப்பது அந்தக் கணினி இருக்கும்வரை.

கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், நான் தனியாகச் சொல்லாத இடமெல்லாம் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது

பேக்கேஜ் என்பது சுருக்கிக் கட்டிய ஒரு கோப்பு. நிரலின் கோப்புகள், அவை எந்தெந்த அடைவில் போய் உட்கார வேண்டும் என்ற விவரம், இது ஓடுவதற்கு வேறு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல், நிறுவும்போதும் நீக்கும்போதும் ஓடவேண்டிய சின்ன ஸ்கிரிப்டுகள், எல்லாம் அதற்குள் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றைத்தான் டிபென்டன்சி, சார்புகள் என்கிறோம்.

டெபியன் 1993-ல் தொடங்கிய லினக்ஸ் திட்டம். அதன் டிபிகேஜி கருவி ஒரு பேக்கேஜைப் பிரித்து நிறுவும், ஆனால் ஏதாவது ஒரு சார்பு இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அதை நீங்களே தேடி எடுத்து வந்தால், அது இன்னொன்றைக் கேட்கும், அந்த இன்னொன்று வேறொன்றைக் கேட்கும். 1999-ல் வெளியான டெபியன் 2.1-ல் ஏபிடி வந்து சேர்ந்தபிறகு இந்த அலைச்சல் குறைந்தது. ஏபிடி, பேக்கேஜ்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையக் கிடங்கான களஞ்சியத்தின் பட்டியலைப் படித்து, எது எது வேண்டும் என்று தானே கணக்குப் போட்டு, இறக்கி, டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்த்து, கடைசியில் டிபிகேஜி-யிடம் கொடுக்கிறது. ரெட் ஹேட் குடும்பத்திலும் இதே இரண்டு அடுக்குதான்: கீழே ஆர்பிஎம், மேலே முன்பு யம், இப்போது டிஎன்எஃப். 2015-ல் வந்த ஃபெடோரா 22-லிருந்து டிஎன்எஃப்தான் அங்கே இயல்பான கருவி.

இப்படிப் பொதுவான சார்புகளைப் பகிர்ந்துகொள்வதில் பெரிய நன்மை ஒன்று உண்டு. 2014 ஏப்ரலில் பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை தெரியவந்தது. ஏபிடி-யோ யம்-மோ வழியாக எல்லாவற்றையும் போட்டிருந்தவர்கள் அந்த ஒரு நூலகத்தைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்தும் சேவைகளை மறுதொடக்கம் செய்தார்கள், அதைப் பகிர்ந்துகொண்ட அத்தனை நிரல்களுக்கும் ஓட்டை அடைபட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல்-இன் சொந்தப் பிரதியைத் தனக்குள்ளேயே வைத்திருந்த நிரல்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மாற்றவேண்டியிருந்தது. கீழே ஃபிளாட்பேக், ஆப்இமேஜ் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கணினியோடு வந்த கருவி எது?

டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்றால் ஏபிடி. ஃபெடோரா, ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ், ராக்கி, ஆல்மா என்றால் டிஎன்எஃப். ஓப்பன்சூசே என்றால் ஜிப்பர். ஆர்ச், மஞ்சாரோ என்றால் பேக்மேன். விண்டோஸ் 11-லும், புதுப்பித்து வைத்திருக்கும் விண்டோஸ் 10-லும் விங்கெட் இருக்கும். மேக்கில் இந்த வகைக் கருவி எதுவும் கூடவே வராது, அதைக் கடைசியில் பார்ப்போம். எந்த லினக்ஸ் என்றே தெரியாத ஒரு கணினி உங்கள் கைக்கு வந்தால், இடிசி அடைவில் இருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பைத் திறங்கள், பெயரும் பதிப்பும் அதில் இருக்கும்.

என் அழுத்தமான கருத்து: முதல் ஆறு மாதம் இந்தக் கருவி ஒன்றே போதும். டெபியன் 12 வெளியானபோது அதில் 64,419 பேக்கேஜ்கள் இருந்தன. உலாவி, அலுவலகத் தொகுப்பு, படம் திருத்த, ஒலி திருத்த, நிரல் எழுத என்று ஒரு சாதாரணப் பயனருக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்தக் குவியலிலேயே இருக்கிறது. ஏதாவது ஒன்றின் இணையதளத்துக்குப் போய் இறக்கும் பழக்கம் விண்டோஸிலிருந்து வருகிறது, அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். முதலில் களஞ்சியத்தில் தேடுங்கள். டெர்மினல் பிடிக்கவில்லையா, க்னோம் சாஃப்ட்வேர், டிஸ்கவர், சினாப்டிக் போன்ற வரைகலைக் கருவிகளைப் பயன்படுத்துங்கள், தவறே இல்லை. க்னோம் சாஃப்ட்வேர், டிஸ்கவர் இரண்டிலும் மட்டும் ஒரு கவனம் தேவை: ஒரே நிரல் பல மூலங்களிலிருந்து கிடைத்தால் எந்த மூலம் என்று ஒரு சின்னப் பட்டி காட்டும், அதைப் பார்க்காமல் நிறுவு பொத்தானை அழுத்தாதீர்கள்.

படி 2: புதுப்பிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் நிறுவலாம்

ஏபிடி-யில் புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் அப்டேட், அப்கிரேட் என்ற இரண்டு சொற்கள். ("சூடோ" என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள்.) "சூடோ ஏபிடி அப்டேட்" எதையும் புதுப்பிக்காது, களஞ்சியத்தில் இன்று என்ன இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் இறக்கும். "சூடோ ஏபிடி அப்கிரேட்" அந்தப் பட்டியலைப் பார்த்து நிறுவியிருப்பவற்றைப் புதிதாக்கும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் போன வாரத்துப் பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று அது சொல்லும். அப்கிரேட் ஏற்கெனவே இருக்கும் எதையும் நீக்காது. நீக்கினால்தான் புதுப்பிக்க முடியும் என்ற நிலை வந்தால் "ஃபுல்-அப்கிரேட்" கொடுக்க வேண்டும், அது நீக்கும், அதனால் அதைக் கொடுக்கும்போது திரையைப் படியுங்கள்.

திரையைப் படியுங்கள் என்பதை இன்னொரு முறை சொல்கிறேன், இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு நிரலை நிறுவப் போன ஒருவருக்கு டெஸ்க்டாப்பே நீங்கிப்போனது. பேக்கேஜ்களின் சார்புகளில் இருந்த ஒரு பிழையால், ஸ்டீமைப் போட வேண்டுமென்றால் டெஸ்க்டாப்பை எடுக்க வேண்டும் என்று ஏபிடி கணக்குப் போட்டுவிட்டது. அதைத் திரையில் சொல்லவும் செய்தது, நீக்கப்போகும் பேக்கேஜ்களின் நீண்ட பட்டியலோடு, ஒரு முழு வாக்கியத்தைத் தட்டி உறுதிசெய்யச் சொன்னது. அந்த மனிதர் தட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, எச்சரிக்கைகளைக் கடந்து போகத்தான் கணினிகள் நம் எல்லோரையும் பழக்கியிருக்கின்றன. ஆனால் பேக்கேஜ் மேனேஜரின் எச்சரிக்கை வேறு வகை. நிறுவப்போவது எத்தனை, நீக்கப்போவது எத்தனை என்று கடைசி வரிகளில் எண்ணாகவே சொல்லும். ஒன்றை நிறுவக் கேட்டு நாற்பதை நீக்கப்போகிறேன் என்றால் நிறுத்துங்கள்.

டிஎன்எஃப் பயனர்களுக்கு "சூடோ டிஎன்எஃப் அப்கிரேட்" ஒன்றே போதும், பட்டியலை அதுவே பார்த்துக்கொள்ளும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வரலாறு: "டிஎன்எஃப் ஹிஸ்டரி லிஸ்ட்" என்று கொடுத்தால் இதுவரை செய்த ஒவ்வொரு மாற்றமும் எண்ணோடு வரும், "டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ" என்று அந்த எண்ணைக் கொடுத்தால் அந்த மாற்றத்தைத் திருப்ப முயலும். ஓப்பன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் ஜிப்பர் ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் மூலம் ஒரு நிழற்பிரதி எடுத்து வைக்கும், ஏதாவது உடைந்தால் பழைய பிரதியில் பூட் செய்துகொள்ளலாம். புதியவர்களுக்கு இதைவிட நிம்மதி தரும் ஏற்பாடு எனக்குத் தெரியாது. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இதே வேலையைச் செய்யும், முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

ஆர்ச் பக்கம் போகிறவர்களுக்கு ஒரே விதி. பேக்மேன், இடைவெளி, கழித்தல் குறி, பெரிய எஸ், சிறிய ஒய், சிறிய யு: இந்த மூன்று எழுத்தும் சேர்ந்தே வரவேண்டும். யு இல்லாமல் எஸ் ஒய் மட்டும் கொடுத்து ஒரு நிரலை நிறுவினால் பட்டியல் புதிது, கணினி பழையது, புது நிரல் புது நூலகத்தைத் தேடும், அது அங்கே இருக்காது. அரைகுறைப் புதுப்பிப்புக்கு ஆர்ச்சில் ஆதரவு கிடையாது என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

படி 3: "ஆனால் பதிப்பு பழசாக இருக்கிறதே"

சரி, இது நியாயமான கேள்வி. டெபியனின் நிலையான பதிப்பு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது, இடையில் நிரல்களின் பதிப்பு எண் பெரும்பாலும் மாறாது. உபுண்டுவின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பும், இரண்டு வருடத்துக்கு ஒன்று. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு சுமார் 13 மாதம்தான். ஆர்ச்சில் பதிப்பு என்ற பேச்சே இல்லை, புதியது வர வர எல்லாம் மாறி ஓடிக்கொண்டே இருக்கும்.

பழைய எண் என்றால் பாதுகாப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். டெபியனில் ஒரு ஓட்டை தெரியவந்தால் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே ஒட்டி வெளியிடுவார்கள், எண்ணின் வால் மட்டும் மாறும். ஹார்ட்பிளீட் வந்தபோதும் இப்படித்தான் செய்தார்கள். உபுண்டுவில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு: களஞ்சியத்தின் மெயின் பகுதியில் உள்ள பேக்கேஜ்களுக்கு எல்டிஎஸ்-இல் ஐந்து வருடப் பாதுகாப்புத் திருத்தம் இயல்பாக வரும், சமூகத்தினர் பராமரிக்கும் யூனிவர்ஸ் பகுதிக்கு அந்த உறுதி கிடையாது, அதற்கு உபுண்டு ப்ரோவில் பதிவு செய்ய வேண்டும். தனிநபருக்கு ஐந்து கணினிவரை அது இலவசம். நிறையப் பேர் இதைத் தெரியாமலே யூனிவர்ஸிலிருந்து ஏராளமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எண் பழையதாக இருப்பது உங்கள் வேலையை உண்மையிலேயே தடுக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கோப்பைச் சுருக்கும் கருவி இரண்டு வருடம் பழையதாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பிளெண்டரோ கிருதாவோ கேடன்லைவோ புதிய வசதிக்காக வேண்டும் என்றால் அது வேறு விஷயம். அப்போது நான் போகும் வரிசை இது.

வரைகலை நிரல் என்றால் முதலில் ஃபிளாட்பேக், அதன் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பிலிருந்து. ஃபிளாட்பேக் 1.0 வந்தது 2018-ல், இன்று எந்த லினக்ஸிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. ஒவ்வொரு நிரலும் ரன்டைம் எனப்படும் ஒரு பொது அடித்தளத்தின் மேல் உட்காரும், தனக்கு மட்டும் வேண்டியதைத் தன்னோடு கொண்டுவரும். அதனால் முதல் நிரலைப் போடும்போது இவ்வளவு பெரிதா என்று தோன்றும், ரன்டைமும் சேர்ந்து இறங்குவதால். ஐந்தாவது நிரலில் அந்த உறுத்தல் இருக்காது. கோப்புகளை அணுகுவதில் தடை இருக்கும், இன்னொரு வட்டில் இருக்கும் அடைவு தெரியவில்லை என்றால் நிரல் உடைந்துவிட்டது என்று நினைக்காமல் ஃபிளாட்சீல் என்ற கருவியில் அனுமதியைத் திறந்துவிடுங்கள். அவ்வப்போது "ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால்" என்பதோடு இரண்டு கழித்தல் குறியும் "அன்யூஸ்டு" என்ற சொல்லும் சேர்த்துக் கொடுத்தால் யாரும் பயன்படுத்தாத ரன்டைம்கள் நீங்கும். ஃபிளாட்ஹப்பில் நிரலின் பக்கத்தில், அதை உருவாக்கியவர்களே வெளியிட்டது என்று சரிபார்த்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

ஸ்னாப் உபுண்டுவோடு வருவது. உபுண்டு 22.04-லிருந்து "ஏபிடி இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ்" என்று கொடுத்தாலும் வந்து இறங்குவது ஸ்னாப்தான், பலருக்கு இது தெரியாது. ஸ்னாப் இயல்பாக ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்பு தேடும், தானாகவே போட்டுக்கொள்ளும். மறந்துவிடுகிறவர்களுக்கு இது வரம், எப்போது மாற வேண்டும் என்பதைத் தானே முடிவுசெய்ய விரும்புகிறவர்களுக்குத் தொல்லை. சர்வரிலும் டெர்மினல் கருவிகளுக்கும் ஸ்னாப் நன்றாகவே பொருந்துகிறது. உபுண்டுவில் இருந்தால் அதோடு சண்டை போடாமல் இருப்பதே நல்லது. அது பிடிக்கவேயில்லை என்றால் மின்ட்டுக்கு மாறுங்கள், அங்கே அதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆப்இமேஜ் ஒரே கோப்பு, இறக்கி இயக்க அனுமதி கொடுத்தால் ஓடும். ஒருமுறை முயன்று பார்க்க அருமையான வழி. ஆனால் பெரும்பாலான ஆப்இமேஜ்களைப் புதுப்பிக்க வேண்டியது நீங்களேதான், யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள். தினமும் இணையத்தைத் தொடும் நிரலை இப்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசி வழி வெளிக் களஞ்சியங்கள். மென்பொருளை உருவாக்கியவர்களே நடத்தும் களஞ்சியம் என்றால் பரவாயில்லை, ஒன்றிரண்டு சேர்க்கலாம். யாரோ ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் நடத்தும் பிபிஏ என்ற உபுண்டு தனிநபர் களஞ்சியம் என்றால் அவர் நிறுத்திவிடும் நாளையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பது அதை நடத்துகிறவர் கையில் உங்கள் கணினியின் ரூட் அதிகாரத்தை, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரத்தை, கொடுப்பது போலத்தான், ஏனென்றால் பேக்கேஜ்களின் ஸ்கிரிப்டுகள் ரூட்டாகவே ஓடுகின்றன. டெபியன் நிலையான பதிப்பில் உபுண்டுவின் களஞ்சியத்தையோ, டெபியனின் சோதனைப் பதிப்பையோ கலப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படிக் கலந்து நின்றுபோன கணினிகளைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதெல்லாம், புதிதாக நிறுவுவதே சீக்கிரம் முடிகிறது என்ற முடிவுக்குத்தான் வந்திருக்கிறேன். புதிய பதிப்பு வேண்டும் என்றால் அதற்காகவே டெபியன் பேக்போர்ட்ஸ் என்ற தனிக் களஞ்சியம் வைத்திருக்கிறது.

படி 4: நிரல் எழுதுகிறவர்களுக்கு

பைத்தானுக்கு பிப், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு என்பிஎம், ரஸ்ட்டுக்கு கார்கோ என்று ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கருவி உண்டு. இவை உங்கள் திட்டத்துக்கானவை, கணினிக்கானவை அல்ல. இந்தக் கோட்டை அழித்தால் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். ஒருமுறை சூடோ போட்டு பிப் மூலம் ஒரு நூலகத்தைப் புதிதாக்கினேன். கணினியின் சொந்த பைத்தானும் அதே நூலகத்தைத்தான் நம்பியிருந்தது. மறுநாள் புதுப்பிப்புக் கருவியே திறக்கவில்லை, டெர்மினலும் வரவில்லை, ஒரு முழு நாள் போனது, ஒப்படைக்க வேண்டிய வேலை தாமதமானது.

இப்போது அந்த விபத்துக்கு ஒரு தடுப்பு இருக்கிறது. 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து, கணினியின் பைத்தானில் பிப்பை ஓட்டினால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிடும். அந்தப் பிழையைப் பார்த்ததும் அதை மீறும் வழியைத் தேடாதீர்கள். திட்டத்துக்கு ஒரு விர்ச்சுவல் சூழல் உருவாக்குங்கள்: "பைத்தான்3", கழித்தல் குறி எம், "வென்வ்", அப்புறம் அடைவின் பெயர். பைத்தானில் எழுதிய ஒரு கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும், நிரல் எழுதப்போவதில்லை என்றால் பிப்எக்ஸ் போதும், அது ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சூழலைத் தானே அமைத்துக்கொள்ளும். என்பிஎம்-மையும் சூடோவோடு ஓட்ட வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோடை உங்கள் வீட்டு அடைவிலேயே என்விஎம் என்ற கருவி மூலம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சார்பு எந்தப் பதிப்பில் என்று பூட்டி வைக்கும் திட்டத்தின் லாக் கோப்பை எப்போதும் சேமித்து வையுங்கள், அது இருந்தால்தான் அடுத்தவர் கணினியிலும் அதே பதிப்புகள் வரும்.

படி 5: விண்டோஸும் மேக்கும்

விண்டோஸில் "விங்கெட் அப்கிரேட்" என்று மட்டும் அடித்துப் பாருங்கள், எவ்வளவு மென்பொருள் பழையதாகக் கிடக்கிறது என்று தெரியும். அதோடு இரண்டு கழித்தல் குறியும் "ஆல்" என்ற சொல்லும் சேர்த்தால் எல்லாவற்றையும் புதுப்பிக்கும். 2021-ல் 1.0 ஆன கருவி இது, நீங்கள் கையால் போட்ட பல நிரல்களைக்கூட அடையாளம் கண்டுகொள்ளும். டெர்மினல் கருவிகள் நிறைய வேண்டும், நிர்வாகி அனுமதி கிடையாது என்றால் ஸ்கூப், அது எல்லாவற்றையும் உங்கள் பயனர் அடைவுக்குள்ளேயே வைக்கும். பல கணினிகளை ஸ்கிரிப்ட் மூலம் அமைக்கும் வேலை என்றால் 2011-லிருந்து இருக்கும் சாக்லெட்டி. மூன்றையும் ஒரே கணினியில் வைக்கத் தேவையில்லை.

மேக்கில் பெரும்பாலோர் 2009-ல் தொடங்கிய ஹோம்ப்ரூவைத்தான் எடுக்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். டெர்மினல் கருவிகளும் கிடைக்கும், காஸ்க் வழியாக வரைகலை நிரல்களும் கிடைக்கும். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் அது தன்னை ஆப்ட் அடைவின் கீழ் தனியாக வைத்துக்கொள்கிறது, மேக்ஓஎஸ்-இன் கோப்புகளைத் தொடுவதில்லை. சூடோவோடு ஓட்டாதீர்கள், அதுவே மறுக்கும். ஹோம்ப்ரூ எப்போதும் புதிய பதிப்பை நோக்கியே ஓடும், ஒன்றை நிறுவப்போனால் கூடவே வேறு சிலவற்றையும் புதுப்பிக்கலாம். ஒரு தரவுத்தளத்தைக் குறிப்பிட்ட பதிப்பிலேயே நிறுத்தி வைக்க "ப்ரூ பின்" என்ற கட்டளை உண்டு. பழைய மேக் வைத்திருப்பவர்கள் மேக்போர்ட்ஸைப் பாருங்கள், பழைய மேக்ஓஎஸ்களை அது நீண்ட காலம் தாங்குகிறது.

படி 6: யாரை நம்புகிறீர்கள்

2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கணினிக்குள் ரகசியமாக நுழைய வைத்த பின்கதவு ஒன்று இருப்பது வெளிவந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளர் போல நடந்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் அதை உள்ளே வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற போஸ்ட்கிரஸ் தரவுத்தள நிரலர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. அப்போது அந்தப் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும், ஃபெடோராவின் வளர்ச்சிக் கிளைக்கும், ஆர்ச்சுக்கும், ஓப்பன்சூசேயின் ஓடும் பதிப்பான டம்பிள்வீடுக்கும் போயிருந்தன. டெபியனின் நிலையான பதிப்பில் இல்லை. புதிய பதிப்பு கைக்கு வரும்வரை காத்திருப்பது சலிப்பாக இருக்கும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். சர்வரும் முக்கியமான வேலைக் கணினியும் மெதுவான பாதையில் இருக்கட்டும், ஆர்வத்துக்கு வைத்திருக்கும் கணினியில் ஓடும் பதிப்பைப் போடுங்கள்.

ஆர்ச்சின் ஏயுஆர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பவை பயனர்கள் ஏற்றும் கட்டமைப்பு ஸ்கிரிப்டுகள், ஆர்ச் குழு சரிபார்த்த பேக்கேஜ்கள் அல்ல. 2025 ஜூலையில் உலாவிக்கான திருத்தம் போலப் பெயர் வைத்த மூன்று பேக்கேஜ்கள், கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் தீநிரலோடு அங்கே ஏறின, இரண்டு நாளில் நீக்கினார்கள். ஏயுஆரிலிருந்து எடுப்பதென்றால் பிகேஜிபில்ட் கோப்பைத் திறந்து, மூலம் எந்த முகவரியிலிருந்து இறங்குகிறது என்பதையாவது படியுங்கள். படிக்கத் தெரியாத நிலையில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போகாமல் இருக்கலாம்.

அதேபோல, ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் இணையத்திலிருந்து ஸ்கிரிப்ட்டை இறக்கி நேராக ஓட்டிவிடும் வகை நிறுவல். ஹோம்ப்ரூ உட்பட நல்ல திட்டங்களும் அப்படித் தருகின்றன. முகவரி அந்தத் திட்டத்தின் சொந்தத் தளமா என்று பாருங்கள், கோப்பை முதலில் இறக்கித் திறந்து பாருங்கள், பிறகு ஓட்டுங்கள்.

படி 7: நடுவில் நின்றுவிட்டால்

லாக், அதாவது ஒரு நேரத்தில் ஒரே கருவி மட்டும் மாற்றம் செய்யப் போடும் பூட்டு, கிடைக்கவில்லை என்று ஏபிடி சொன்னால் வேறொரு புதுப்பிப்பு பின்னணியில் ஓடுகிறது என்று பொருள், பெரும்பாலும் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு. பத்து நிமிடம் காத்திருங்கள். லாக் கோப்பை அழி என்று சொல்லும் பழைய அறிவுரைகளைப் பின்பற்றாதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் வேலையை அது சிதைக்கும். மின்சாரம் போய் நடுவில் அறுந்திருந்தால் "சூடோ டிபிகேஜி", இரண்டு கழித்தல் குறியோடு "கான்ஃபிகர்", பிறகு ஒரு கழித்தல் குறியோடு ஏ என்று கொடுங்கள், பாதியில் நின்றவற்றை முடிக்கும். அதற்குப் பிறகும் சார்புகள் அறுந்திருந்தால் "சூடோ ஏபிடி", இரண்டு கழித்தல் குறியோடு "ஃபிக்ஸ்-புரோக்கன்", அப்புறம் "இன்ஸ்டால்". அனேகமாக இந்த இரண்டிலேயே சரியாகிவிடும்.

அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதியதைப் போடவா பழையதை வைக்கவா என்று புதுப்பிக்கும்போது கேட்டால், டி அழுத்தினால் வித்தியாசத்தைக் காட்டும். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், சும்மா என்டர் தட்டினால் உங்கள் பழைய கோப்பே இருக்கும்.

எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில், நீங்களாகவே நிறுவியவற்றின் பட்டியலை எடுத்து ஒரு கோப்பில் போட்டு, கணினிக்கு வெளியே எங்காவது வையுங்கள். ஏபிடி-யில் "ஏபிடி-மார்க் ஷோமேனுவல்", ஃபிளாட்பேக்கில் "ஃபிளாட்பேக் லிஸ்ட்", ஹோம்ப்ரூவில் "ப்ரூ பண்டில் டம்ப்", விங்கெட்டில் "விங்கெட் எக்ஸ்போர்ட்". பட்டியலில் ஒரே நிரல் இரண்டு இடத்தில் வந்தால் ஒன்றை நீக்குங்கள். எதற்காகப் போட்டோம் என்று நினைவுக்கு வராத வெளிக் களஞ்சியம் இருந்தால் அதிலிருந்து வந்த நிரலை முதலில் எடுத்துவிட்டு, பிறகு களஞ்சியத்தையும் எடுங்கள். வட்டு போனாலோ புதுக் கணினி வந்தாலோ இந்தக் கோப்பை வைத்து ஒரு மாலையில் எல்லாவற்றையும் திரும்ப நிறுவிவிடலாம்.